சொல்ல ஏதாவது இருந்தால் மட்டும்

‘சொல்வதற்கு ஏதாவது இருந்தால் மட்டுமே பேசும் கருவி.’ இந்த வாக்கியம் என்னுடையது. பளபளப்பான ஒரு விளம்பரத் தாளுக்குத் தலைப்பாக எழுதினேன். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. தமிழ் நாளிதழ் ஒன்றில் பதினோரு ஆண்டுகள் துணையாசிரியராக இருந்தவனுக்குத் தலைப்பு எழுதுவது கைப்பழக்கம். அந்த வாக்கியத்தால் பிறகு ஒருவருக்கு வேலை போயிற்று. போனது எனக்கல்ல.

நாளிதழ் தன் பதிப்புகளை ஒவ்வொன்றாக மூடிய ஆண்டில் நான் வெளியே வந்தேன். அடுத்த வேலை சேலையூரில், கேம்ப் ரோடு சந்திப்புக்குச் சற்றுத் தள்ளி, ஒரு டயர் கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் கிடைத்தது. மொத்தம் ஒன்பது பேர். என் வேலைக்குப் பெயர் ‘கன்டென்ட்’. கையேடு, விளம்பரத் தாள், வாடிக்கையாளருக்கு எழுதும் பதில் என்று எழுத்து சம்பந்தப்பட்ட எல்லாமே என்னிடம் வரும். எழுதத் தெரிந்தவனுக்குப் பேசவும் தெரியும் என்ற கணக்கில் வாடிக்கையாளர்களின் போனையும் என்னிடமே கொடுத்துவிட்டார்கள்.

அந்த நிறுவனம் என்ன செய்கிறது என்று என் மனைவிக்குப் புரியவைக்க எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. டிபன் பாக்ஸ் அளவில் ஒரு பெட்டி. உள்ளே விரல் நகம் அளவுக்கு ஒரு சிப், ஒரு சிம் கார்டு, டார்ச் லைட்டில் போடும் பெரிய செல்கள் நான்கு. கால்வாய் ஓரத்தில் மாட்டினால் தண்ணீர் மட்டத்தை அளக்கும். குளிர்பதனக் கிடங்கில் மாட்டினால் வெப்பத்தை அளக்கும். அளந்ததை செல்போன் டவர் வழியாக அனுப்பும். எந்தப் பெட்டியாக இருந்தாலும் அடியில் ஓடும் மென்பொருள் ஒன்றுதான். அதை ‘பிளாட்ஃபார்ம்’ என்பார்கள். என் போனில் உள்ள ஒரே ஒரு புகைப்படம் பிடிக்கும் இடத்தில் அப்படிப்பட்ட முப்பது பிளாட்ஃபார்ம்களை அடைத்துவிடலாம். அவ்வளவு சிறியதாக இருந்தால்தான் அந்த சிப்பில் உட்காரும். அவ்வளவு குறைவாக வேலை செய்தால்தான் செல் தாங்கும்.

அதை வடிவமைத்தவர் ஒரே ஒரு பொறியாளர். முப்பது வயதைத் தாண்டிய பெண். படப்பைக்கு அப்பால் ஒரு கல்லூரியில் படித்தவர். முடிச்சூர் பக்கம் ஆற்றை ஒட்டிய தெரு ஒன்றில் வாடகைக்குக் குடியிருந்தார். தினமும் ஸ்கூட்டரில் தாம்பரம் மேம்பாலம் ஏறி இறங்கி வருவார். வந்ததும் முதல் வேலையாகச் சுவரில் இருந்த வெள்ளைப் பலகையில் ஓர் எண்ணை அழித்து வேறொன்று எழுதுவார். சிப்பில் மிச்சம் இருக்கும் இடம். யாராவது புதிதாக ஒரு வசதி கேட்டால் பலகையைக் காட்டி, “வெக்கலாம். எதை எடுக்கட்டும்?” என்று கேட்பார்.

நாளிதழில் பக்கம் கட்டும் மேசையில் நான் ஆயிரம் முறை கேட்ட கேள்வி அது. அதனால் எங்களுக்கு ஒத்துப்போயிற்று.

“உங்க வேலையும் என் வேலையும் ஒண்ணுதான் சார்,” என்றார் ஒருநாள். “ரெண்டு பேருக்கும் இடம் பத்தாது.”

பெட்டி அனுப்பும் செய்தி தமிழிலேயே இருக்கக்கூடாதா என்று நான் கேட்டபோது சிரித்துவிட்டார்.

“தமிழுக்கு ஒரு குறிக்கு மூணு பைட் சார். ‘வெள்ளம்’னு எழுதினா இருபத்தொண்ணு. நான் வெறும் ரெண்டுன்னு ஒரு நம்பர் அனுப்பினா ஒரே பைட். உங்க பெட்டி ‘வெள்ளம்’னு சொல்லி முடிக்கிறதுக்குள்ள எங்க பெட்டி தூங்கப் போயிடும்.”

நிறுவனத்தை நடத்தியவரை எல்லோரும் ‘சார்’ என்றுதான் அழைத்தோம். சேலையூரின் பழைய குடும்பம். அவருடைய தகப்பனார் காலத்தில் அவர்கள் நெல் விளைத்த நிலத்தின் மேல்தான் அந்த டயர் கடை, அதற்கு மேல் நாங்கள். பெரிய கம்பெனியில் பத்து ஆண்டு வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். கெட்டவர் என்று எழுத முடியாது. தீபாவளிக்கு ஒவ்வொருவர் வீட்டுக்கும் அவரே வந்து இனிப்பு கொடுப்பார். ஆனால் விற்பனைதான் அவருக்கு முதலில். பொருள் அதற்குப் பின்னால் வந்து சேர்ந்துகொள்ளும் என்பது அவர் நம்பிக்கை. ‘ஐந்து ஆண்டுகளுக்கு செல் மாற்ற வேண்டாம்’ என்று என் தலைப்புக்குக் கீழே கொட்டை எழுத்தில் அச்சடித்துவிட்டார். அப்போது பிளாட்ஃபார்ம் பாதிதான் முடிந்திருந்தது.

ஐந்து ஆண்டு தாங்க ஒரே வழிதான் இருந்தது. பெட்டி அளந்துகொண்டே இருக்கும், ஆனால் மட்டம் மாறினால் மட்டும் செய்தி அனுப்பும். மாறாவிட்டால் பேசாது. பேசாதவரை, கடைசியாக அது சொன்ன நிலையே வாடிக்கையாளரின் போனில் நிற்கும். ஆபத்தில்லை என்பதற்கான பச்சை என்றால் அதே பச்சை.

ஒரு செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் அந்தப் பொறியாளர் இதை மாற்ற வேண்டும் என்றார். மாற்றம் இல்லாவிட்டாலும் ‘உயிரோடு இருக்கிறேன்’ என்று பெட்டி அவ்வப்போது ஒரு பைட் அனுப்ப வேண்டும். அது வராவிட்டால் திரை சாம்பல் நிறமாக வேண்டும்.

“பெட்டி பேசலைன்னா ரெண்டு அர்த்தம் இருக்கு சார்,” என்றார். “எல்லாம் சரியா இருக்குன்னு ஒண்ணு. பெட்டியால பேச முடியலைன்னு ஒண்ணு. ரெண்டுக்கும் நம்ம திரையில ஒரே பச்சை.”

“ஏம்மா பேச முடியாம போகப்போகுது? உள்ள நாலு செல் இருக்கு,” என்றார் சார்.

“பெட்டிக்கு ஒண்ணும் ஆகாது சார். டவருக்கு ஆகும். எங்க ஏரியால தண்ணி வரப்போகுதுன்னா ஷாக் அடிக்கக் கூடாதுன்னு முதல்ல கரன்டை நிறுத்திடுவாங்க. கரன்ட் போய் ரெண்டு மூணு மணி நேரத்துல டவர் போயிடும். அதுக்கப்புறம்தான் தண்ணி வரும். ஒவ்வொரு தடவையும் இதே வரிசைதான். அதாவது, பெட்டி கத்த வேண்டிய நேரத்துல அதுக்கு வாய் இருக்காது.”

“சரி, கத்த விட்டா செல் எவ்ளோ நாள் வரும்?”

“எப்பவும் கால் மணிக்கு ஒருதரம்னா ரெண்டு வருஷம் தாங்காது. மழை மாசத்துல மட்டும் கால் மணி, மத்த மாசம் நாளைக்கு ரெண்டு தடவைன்னு வெச்சா மூணரை வருஷம் கேரன்டி.”

“அஞ்சுன்னு அடிச்சாச்சேம்மா.” விளம்பரத் தாளை எடுத்து எல்லோருக்கும் தெரியும்படி பிடித்தார். “இங்க பாரு, நம்ம ரிப்போர்ட்டர் எவ்ளோ அழகா எழுதியிருக்காரு. ‘சொல்வதற்கு ஏதாவது இருந்தால் மட்டுமே பேசும்.’ இதுதான் நம்ம ப்ராடக்ட். நீ கேக்கிறது, ‘சாப்டேன், தூங்கினேன், நல்லா இருக்கேன்’னு கால் மணிக்கு ஒருதரம் போன் போடுற மாமியார்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சிரித்திருக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். நாளிதழில் நான் முதலில் உட்கார்ந்தது மாவட்டச் செய்தி மேசை. தினமும் மாலை ஐந்து மணிக்கு வட்டத்துக்கு ஒருவராக நிருபர்கள் போன் செய்வார்கள். செய்தி இருந்தால் சொல்வார்கள். இல்லாவிட்டால், “இன்னிக்கு ஒண்ணும் இல்ல சார்” என்று சொல்வார்கள். அந்த ‘ஒண்ணும் இல்ல’யையும் ஒரு நோட்டில் குறித்துக்கொள்வோம். ஐந்தரைக்குள் போன் வராத ஊரை நாங்களே அழைப்போம். ஒரு நிருபரிடமிருந்து அழைப்பு வரவில்லை என்றால் அவருக்குக் காய்ச்சலாக இருக்கலாம். ஊரே பற்றி எரிந்துகொண்டும் இருக்கலாம். எதுவும் நடக்கவில்லை என்று மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே எனக்கு இதைச் சொன்னார்கள். அந்தச் செவ்வாய்க்கிழமை மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களில், அந்தப் பெண் சொல்வது எவ்வளவு பழைய விதி என்று அறிந்தவன் நான் ஒருவன்தான். என் தலைப்பைப் பாராட்டியது எனக்குப் பிடித்திருந்தது. வாயைத் திறக்கவில்லை.

அன்று மாலை அவர் தன் கோரிக்கையை மூன்று வரியில் மின்னஞ்சலாக அனுப்பினார். நகல் எனக்கும் வந்தது. “வெர்ஷன் டூவில் பார்க்கலாம்” என்று சாரிடமிருந்து பதில் வந்தது.

முதல் பெரிய வாடிக்கையாளர் ஒரு குடியிருப்போர் சங்கம். முடிச்சூருக்கு மேற்கே, ஆற்றங்கரையை ஒட்டிய ஆறேழு தெருக்கள். சங்கச் செயலாளர் பைப்பும் குழாயும் விற்கும் ஹார்டுவேர் கடை வைத்திருந்தவர். அந்தப் பக்கம் எல்லோருக்கும் அவர் ‘பாய்’. வீடு வீடாகப் போய்ப் பேசி, சம்மதிக்காதவர்களை டீக்கடையில் பிடித்துப் பேசி, ஏழு பெட்டிகள் வாங்க வைத்தவர் அவர்தான். பெட்டிகளை மாட்டிய ஒரு வாரத்தில் போன் செய்தார்.

“இன்னா சார், மெஷின்னா ஏதாவது பேசணும் இல்ல? இது ஊமையா கீதே.”

“அது பேசலைன்னா எல்லாம் சரியா இருக்குன்னு அர்த்தம் பாய். நிம்மதியா இருங்க.”

“அப்ப பச்சை இருக்கிறவரைக்கும் ஜனங்களைப் பயப்படாதேன்னு சொல்லிடலாமா?”

“தாராளமா சொல்லலாம்.”

இந்த உரையாடலில் ஒரு சொல்லையும் நான் கூட்டவோ குறைக்கவோ இல்லை.

அந்த ஆண்டு மழை டிசம்பரில் வந்தது. மூன்று நாள் விடாமல் பெய்தது. மூன்றாம் நாள் அலுவலகத்துக்கு வர வேண்டாம், வீட்டிலிருந்தே வேலை பாருங்கள் என்று சார் சொல்லிவிட்டார். காலை ஒன்பதரைக்கு அலுவலக வாட்ஸ்அப் குழுவில் அந்தப் பொறியாளரின் செய்தி வந்தது. என் போன் திரையின் மேல் ஓரத்தில் முதல் வரி தெரிந்தது: “எங்க ஏரியால கரன்ட் போயிடுச்சு.” இன்று வேலை செய்ய முடியாது என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். ‘சரி’ என்பதற்குக் கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டுவிட்டு இட்லி சாப்பிடப் போனேன்.

முழுச் செய்தியை மாலையில்தான் படித்தேன். “எங்க ஏரியால கரன்ட் போயிடுச்சு. இனிமே டவரும் போகும். பெட்டி பச்சை காட்டினா நம்பாதீங்க. பாய்க்கு நான் போட்டா லைன் போகல, நீங்க யாராவது சொல்லிடுங்க.” கீழே என் கட்டைவிரல். குழுவில் வேறு யாரும் பதில் போடவில்லை. நான் பார்த்துக்கொள்வேன் என்று நினைத்திருப்பார்கள்.

பகல் பதினொரு மணிக்கு மழை விட்டது. லேசாக வெயிலும் அடித்தது. அந்தத் தெருக்களில் இருந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மழை நாளில் கரன்ட் போனால் மழை விட்டுவிட்டதா என்று பார்க்க மாட்டார்கள். ஸ்கூட்டரை, காரை மேட்டுக்கு ஏற்றிவிட்டு, ஃப்ரிட்ஜை மேசைமேல் தூக்கி வைப்பார்கள். பல ஆண்டுகளாகக் கற்ற பழக்கம். அன்று பெரும்பாலோர் அதைச் செய்யவில்லை. டவர் சாவதற்கு முன்பே பாய் தெருத் தெருவாகப் போய், “நம்ம பொட்டி பச்சையில கீது, யாரும் டென்ஷன் ஆவாதீங்க” என்று சொல்லியிருந்தார். மேலே இருந்த ஏரிகள் நிரம்பி வழிந்த தண்ணீர் பிற்பகல் இரண்டு மணிக்கு அங்கே வந்து சேர்ந்தது.

நாலரை மணிக்கு என் போன் அடித்தது. பாய் நடந்தே வெளிவட்டச் சாலைப் பாலத்தின் மேல் ஏறி, அங்கே சிக்னல் கிடைத்துப் பேசினார்.

“சார், தண்ணி இடுப்புல கீது. எங்க வூட்டு கட்டில் மெதக்குது. உங்க பொட்டி இன்னும் பச்சை காட்டுது சார். நீயே பாரு, ஏழும் பச்சை.”

பார்த்தேன். ஏழும் பச்சை.

மறுநாள் நாளிதழ்களில் அந்தப் பகுதிக்கு மூன்றாம் பக்கத்தில் எட்டு வரி கிடைத்தது. உயிர்ச்சேதம் இல்லை என்று முடித்திருந்தார்கள். நான் எழுதியிருந்தாலும் அப்படித்தான் முடித்திருப்பேன். அதற்குள் அடங்காதவை: பாதிச் சக்கரம் அளவுக்குச் சேற்றில் நின்ற முப்பதுக்கும் மேற்பட்ட இருசக்கர வண்டிகள், கீழ்த்தள வீடுகளின் ஃப்ரிட்ஜ்கள், வாஷிங் மெஷின்கள், சமையலறை மேடைமேல் நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்து படகில் இறக்கப்பட்ட ஒரு வயதான தம்பதி, ஒரு பிளஸ் டூ மாணவியின் செய்முறை நோட்டுகள்.

தண்ணீர் வடிந்த ஐந்தாம் நாள் பாய் அலுவலகத்துக்கு வந்தார். காலில் சேற்றுப்புண். கத்துவார் என்று எதிர்பார்த்தோம். கத்தவில்லை. ஏன் இப்படி ஆயிற்று என்று மட்டும் கேட்டார். சார் கொஞ்சம் சுற்றி வளைத்தார். பொறியாளர்தான் நேராகச் சொன்னார்: பெட்டி அடிக்கடி பேசினால் செல் தீர்ந்துவிடும், ஐந்து ஆண்டு வராது, அதனால் பேசாமல் வைத்தோம்.

பாய் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

“செல்லுக்காகவா? டார்ச் செல்லுக்கா?” என்றார். “என் கடையில டஜன் டஜனா கீது சார். மாசத்துக்கு ஒரு தபா நானே ஏணி போட்டு ஏறி மாத்தியிருப்பேனே. அஞ்சு வருசம் ஓணும்னு எவன் கேட்டான்? என்னாண்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

கேட்கவில்லை. குளிர்பதனக் கிடங்குக்காரர்கள் கேட்பார்கள் என்று நாங்களே நினைத்து அச்சடித்த ஐந்து அது. டவர் இருக்கும், ஜெனரேட்டர் இருக்கும் இரண்டாம் மாடியில் உட்கார்ந்து யோசித்தோம். எங்களில் ஒருவர்தான் அந்தத் தண்ணீரில் குடியிருந்தவர். அவர் பேச்சைத்தான் மாமியார் போன் என்று சிரித்தோம்.

பாய் போன பிறகு சார் கதவைச் சாத்திவிட்டுப் பொறியாளரையும் என்னையும் உட்கார வைத்தார்.

“உன் வீட்டுல என்ன நஷ்டம்மா?” என்று அவரிடம் பரிவாகத்தான் ஆரம்பித்தார்.

“பெருசா ஒண்ணும் இல்ல சார். சாமானெல்லாம் மேல ஏத்திட்டோம்.”

“ஸ்கூட்டர்?”

“ஒன்பதே காலுக்கே பைபாஸ் மேட்டுல விட்டுட்டேன்.”

சார் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். “அப்ப உனக்குத் தெரிஞ்சிருக்கு. உன் பிளாட்ஃபார்மை நம்பாம உன் ஸ்கூட்டரை மட்டும் காப்பாத்திக்கிட்ட.”

“நான் குரூப்ல போட்டேனே சார்.”

“குரூப்ல போடுறது பொங்கல் வாழ்த்து. கஸ்டமர் விஷயம்னா முறையா எஸ்கலேட் பண்ணணும், எனக்கே போன் போட்டுச் சொல்லணும்.”

பொறியாளர் என்னைப் பார்த்தார். நான் மேசைமேல் இருந்த பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டினேன். என் கட்டைவிரல் படத்தை அவர் சொல்லவில்லை. நான் சொல்வேன் என்று காத்திருந்தார் என்று இப்போது தோன்றுகிறது.

ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலை தன் கிடங்குகளுக்கு எங்கள் பெட்டிகளை வாங்குவதாக இருந்தது. முடிச்சூர் விஷயம் காதுக்கு எட்டி, என்ன நடந்தது என்று எழுத்தில் கேட்டார்கள். அறிக்கையை எழுதும் வேலை எனக்கு வந்தது. “பொய் எதுவும் வேணாம். ஆனா கம்பெனி நிக்கணும்,” என்றார் சார்.

பொய் எதுவும் எழுதவில்லை. தொடர்பு அறுந்ததைக் கண்டுகொள்ளும் வசதி பிளாட்ஃபார்மின் வடிவமைப்பில் இல்லை என்று எழுதினேன். வடிவமைப்பு முழுவதும் ஒரே பொறியாளரின் பொறுப்பில் இருந்தது என்று எழுதினேன். அந்தப் பகுதியிலேயே வசிக்கும் அவர் அன்று காலை தன் உடைமைகளைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றினார், வாடிக்கையாளருக்கு முறைப்படி தகவல் சேரவில்லை என்று எழுதினேன். அவர் இப்போது பணியில் இல்லை என்று முடித்தேன். துணையாசிரியர் புத்தியில் ஒவ்வொரு வாக்கியத்தையும் தனித்தனியாகச் சரிபார்த்தேன். எல்லாமே உண்மை. மூன்று வரி மின்னஞ்சலும் வாட்ஸ்அப் செய்தியும் மட்டும் அதில் இல்லை. இடம் பற்றாமல் விட்டவை அல்ல அவை. ஒன்றே கால் பக்கம்தான் வந்திருந்தது.

கடைசி வாக்கியத்தை எழுதியபோது அவர் பணியில்தான் இருந்தார். அது உண்மையாவதற்கு இரண்டு நாள் பிடித்தது. “நீயே பேப்பர் போட்டுடும்மா, உன் ரெக்கார்டுக்கு அதுதான் நல்லது,” என்று சொல்லியிருக்கிறார்கள். ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டார். போகும்போது எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார், என்னிடமும். வெள்ளைப் பலகையில் அவர் கடைசியாக எழுதிய எண்ணை மறுநாளே யாரோ அழித்துவிட்டு, மதியம் யார் யாருக்கு பிரியாணி என்று எழுதினார்கள்.

தொழிற்சாலை ஆர்டர் வந்தது. மார்ச்சில் வெர்ஷன் டூ வந்தது. அதில் பெட்டி அவ்வப்போது ஒரு பைட் அனுப்பும், வராவிட்டால் திரை சாம்பல் நிறமாகும். ‘எப்போதும் விழிப்புடன்’ என்று தலைப்புக் கொடுத்தேன். சாருக்குப் பிடித்திருந்தது.

ஏப்ரலில் அந்தப் பொறியாளரிடமிருந்து போன். சிறுசேரியில் ஒரு பெரிய கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. கடிதம் கைக்கு வந்துவிட்டது. சேருவதற்கு முன் பழைய இடத்தில் விசாரிக்கும் வழக்கப்படி, அந்த கம்பெனிக்காக ஓர் ஏஜென்சி எங்களிடம் விவரம் கேட்டிருக்கிறது. இங்கிருந்து அந்த அறிக்கை போயிருக்கிறது. நான் அனுப்பவில்லை, சாரே அனுப்பியிருந்தார்.

“ஒரு வாரம் டைம் குடுத்திருக்காங்க சார். பழைய கம்பெனில இருந்து விளக்கம் வேணுமாம். நான் அந்த வசதியைக் கேட்டேன், அன்னிக்குக் காலைல சொன்னேன், இந்த ரெண்டு விஷயம்தான். லெட்டர்ஹெட்ல, உங்க கையெழுத்து போட்டா போதும்னு சொல்லிட்டாங்க. அறிக்கைல உங்க கையெழுத்துதானே இருக்கு.”

“எழுதித் தரேம்மா,” என்றேன்.

எழுதினேன். அறிக்கைக்கு இரண்டு நாள் ஆனது. இதற்கு இருபது நிமிடம் போதுமாக இருந்தது. மின்னஞ்சல் தேதி, பதில் வந்த தேதி, வாட்ஸ்அப் செய்தியின் நேரம், அதைப் பார்த்தும் வாடிக்கையாளருக்குச் சொல்லாமல் விட்டவன் நான் என்பது. அரைப் பக்கம்.

நிறுவனத்தின் லெட்டர்ஹெட் தாள்கள் என் மேசை இழுப்பறையில்தான் இருக்கும். முத்திரையும் அங்கேதான். எடுப்பதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. அன்று மாலை எல்லோரும் போன பிறகு இழுப்பறையைத் திறந்து பார்த்துவிட்டு மூடினேன். ஐம்பது வயதில் இன்னொரு இடத்தில் யார் என்னைச் சேர்த்துக்கொள்வார்கள் என்று யோசித்தேன். சாரின் அனுமதி இல்லாமல் கம்பெனித் தாளைத் தொடுவது முறையல்ல என்றும் சொல்லிக்கொண்டேன். இரண்டாவது காரணம் முதல் காரணத்துக்குப் போட்ட சட்டை. வெள்ளைத் தாளில் அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் மாலை தாம்பரம் ரயில் நிலையத்தின் மேற்குப் பக்கம் சந்தித்தோம். வண்டி நிறுத்துமிடத்துக்கு எதிரே, அன்னாசிப்பழம் வெட்டி விற்கும் தள்ளுவண்டிக்குப் பக்கத்தில். ஆறு மணி ரயில் இறக்கிவிட்ட கூட்டம் எங்களை இடித்துக்கொண்டு போயிற்று. ஸ்கூட்டரை ஸ்டாண்ட் போட்டுவிட்டு, தாளை வாங்கி நின்றபடியே படித்தார். இரண்டு முறை படித்தார்.

“நல்லா எழுதியிருக்கீங்க சார். ஒரு வார்த்தை அதிகமா இல்ல.”

தாளின் மேல் பக்கத்தைப் பார்த்தார். பின்பக்கம் திருப்பியும் பார்த்தார்.

“லெட்டர்ஹெட்?”

“அதுக்கு சார்கிட்ட கேக்கணும்மா.”

“கேட்டீங்களா?”

“இல்ல.”

“கேப்பீங்களா?”

பழ வண்டிக்காரர், “அக்கா, வண்டியைக் கொஞ்சம் நவுத்திக்கோ, ஆளுங்க வந்துகினு கீறாங்க,” என்றார். பொறியாளர் ஸ்கூட்டரை ஓர் அடி நகர்த்தினார். திரும்பி வந்து அதே இடத்தில் நின்றார். கேள்வியை இன்னொரு முறை கேட்கவில்லை.

“வெள்ளைத் தாள்ல யார் வேணா என்ன வேணா எழுதலாம்னு சொல்லுவாங்க சார். இதை அவங்க எடுத்துக்க மாட்டாங்க.”

“ஒரு தடவை குடுத்துப் பாரேன்.”

“இதுல எழுதியிருக்கிறது எனக்குத் தெரிஞ்சதுதானே சார். நீங்களே வெச்சுக்கங்க.”

தாளை மடிக்காமல், கசங்காமல், கொடுத்த மாதிரியே என் கையில் திருப்பிக் கொடுத்தார். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு முடிச்சூர் சாலைப் பக்கம் போனார். வாரம் முடியும் வரை எனக்கு அவகாசம் இருந்தது. திங்கள், செவ்வாய், புதன், மூன்று நாளும் சார் தன் அறையில்தான் இருந்தார். கதவு திறந்துதான் இருந்தது.

சிறுசேரி வேலை கிடைக்கவில்லை என்று வெள்ளிக்கிழமை பொறியாளர் ஒரு வரி அனுப்பியிருந்தார். இந்த முறை முழுவதும் படித்தேன்.